சோக்கை இழுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள்

இந்த மாதத்தில் மட்டும் இது மூன்றாவது வண்டி. நேற்றுக் காலை கராஜைத் திறக்கும்போதே, சின்ன லொறியில் ஒரு நாலு சில்லு பைக்கை ஏற்றிக்கொண்டு ஒரு தம்பி வாசலில் நின்றார். நுவரெலியாவுக்கு வரும் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிற வண்டி. 125 சிசி, காற்றையும் பெற்றோலையும் கலந்து கொடுக்கிற காப்பரேட்டர் உள்ள எஞ்சின். "பாஸ், காலையில ஸ்டார்ட் ஆகவே மாட்டேங்குது. ஸ்டார்ட் ஆனாலும் ஏத்தத்துல இழுக்கல்ல" என்றார்.

ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன். மட்டம் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. "போன மாசம் மாத்தின ஒயில் பாஸ், ஒரு சொட்டுக் குறையல்ல" என்று சந்தோஷமாகச் சொன்னார் தம்பி. குறையவில்லைதான், கூடியிருந்தது. எஞ்சினுக்குள் ஒயில் தானாக ஊறுமா? இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்தேன், தண்ணீர்போல ஓடியது. மூக்கருகே கொண்டுபோனால் பெற்றோல் செட்டில் நிற்கிற மணம். காப்பரேட்டருக்குள் பெற்றோல் வரவை அடைக்கிற மிதவை ஊசி கசிந்தாலும் இப்படி ஆகும் என்பதால் அதைக் கழற்றிப் பார்த்தேன். அது நன்றாகவே இருந்தது. சிலிண்டரைத் திறந்தபோது பிஸ்டன் ஓரத்தில் மேலிருந்து கீழாக, நகத்தால் கீறினால் தட்டுப்படும் அளவுக்குக் கோடுகள்.

"காலையில எப்படி ஸ்டார்ட் பண்றீங்க?" என்று கேட்டேன். வழக்கமான பதில்தான் வந்தது. சோக்கை முழுசா இழுத்து, ஸ்டார்ட் ஆனதும் அப்படியே விட்டு, தேத்தண்ணி குடித்து, பதினைந்து இருபது நிமிடத்துக்குப் பிறகுதான் வண்டியைத் தொடுவாராம். "நல்லா சூடாகட்டும்னு விட்டேன் பாஸ்."

இந்த "நல்லா சூடாகட்டும்" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சோக் என்பது எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு, சூடாக்குவதற்கு அல்ல. சோக்கை இழுத்தால் காற்றுக் குறைந்து பெற்றோல் கூடுகிறது. குளிரில் பெற்றோலின் ஒரு பகுதிதான் ஆவியாகும் என்பதால், முதல் சில வெடிப்புகளுக்கு அந்த அதிகப்படி தேவை. அதற்குப் பிறகும் சோக்கைத் தள்ளாமல் வைத்திருந்தால் எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கும். மேலே பிஸ்டன் வறண்டு உராயும், கீழே ஒயில் நீர்த்துப்போகும். அந்தத் தம்பி கண்ட "குறையாத ஒயில்" இதுதான்.

நம் ஊரில் இது இரட்டிப்புக் கேடு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழ்நாட்டுக்கென்று ஜெட் (பெற்றோல் வருகிற சின்னத் துளை) போட்டு வந்த காப்பரேட்டர், சோக்கைத் தொடாமலேயே இங்கே பெற்றோலைக் கூடுதலாகக் கொடுக்கும். அதற்கு மேல் சோக்கும் என்றால்? கொழும்பிலிருந்து வண்டி எடுத்து வருகிறவர்களிடம் மெயின் ஜெட்டை ஓர் எண்ணாவது சிறியதாக மாற்றச் சொல்லிச் சொல்லி வருகிறேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே தெரியும். தொட்டால் விரலில் ஒட்டுகிற கரி படிந்திருந்தால் பெற்றோல் கூடுதல்.

அப்படியானால் என்னதான் செய்வது? சோக்கை இழுங்கள், அக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் பண்ணுங்கள். பிடித்ததும் அரை நிமிடத்துக்குள் சோக்கைப் பாதிக்குத் தள்ளுங்கள். உறைபனி விழுகிற தை, மாசிக் காலைகளில்கூட ஒன்றிரண்டு நிமிடத்தில் சோக் முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும். பிறகு வண்டியை எடுத்து மெதுவாக ஓட்டுங்கள். நின்ற இடத்தில் உறுமுவதைவிட மெதுவாக ஓடும்போதுதான் எஞ்சின் சீக்கிரம் சூடாகும். ஆனால் படலையைத் தாண்டியதும் ஏற்றம் என்றால், இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு முறுக்காதீர்கள். அலுமினியப் பிஸ்டன் சீக்கிரம் விரியும், சிலிண்டர் அந்த வேகத்தில் விரியாது. குளிர்ந்த எஞ்சின் இறுகுவது அப்படித்தான். முதல் பயணிக்கு முன்னால் சமதரையில் ஐந்து நிமிடம் வெறும் வண்டியை ஓட்டுங்கள். கியருக்குப் பதில் பெல்ட் உள்ள வண்டியென்றால் பெல்டுக்கும் அது நல்லது.

சோக்கைத் தள்ளியதும் எஞ்சின் நின்றுவிடுகிறது, அதனால்தான் இழுத்தே வைத்திருக்கிறேன் என்கிறார்கள் சிலர். சூடான பிறகும் சோக் இல்லாமல் ஓடாத எஞ்சினுக்கு வேறு வியாதி இருக்கிறது. பெரும்பாலும், எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெற்றோல் கொடுக்கிற பைலட் ஜெட்டில் அடைப்பு. ஏப்ரல் சீசன் முடிந்ததும் மூலையில் போட்டுவைத்த வண்டியில் மிச்சமிருந்த பெற்றோல் பசையாகி, தலைமயிர் நுழையும் அளவே உள்ள அந்தத் துளையை மூடிவிடும். அல்லது காப்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் வெடித்திருக்கும். வால்வு இடைவெளியையும் பார்க்க வேண்டும். இறுகிப்போன வால்வு குளிரில்தான் முதலில் தொல்லை கொடுக்கும்.

இன்னொன்று. நானுஓயாப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும், மூடுபனிக்குள் பத்து நிமிடம் மெதுவாக ஓடினால் நின்றுவிடும், கொஞ்ச நேரம் விட்டால் திரும்பவும் ஸ்டார்ட் ஆகும். பிளக், கொயில், பற்றரி எல்லாம் மாற்றிக் காசைக் கரைத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். காப்பரேட்டருக்குள் பனிக்கட்டி படிகிறது அண்ணே என்றேன். அவர் நம்பவில்லை. வெளியே பத்துப் பாகை இருந்தாலும், பெற்றோல் ஆவியாகும்போது உள்ளே குளிர் இறங்கி, காற்றிலுள்ள ஈரம் உறைந்துவிடும். எஞ்சின் சூடு பரவியதும் அது உருகிவிடும், திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. அடர்ந்த மூடுபனியில் இப்படி நின்றால் பொருட்களை மாற்றாதீர்கள், ஐந்து நிமிடம் பொறுங்கள்.

ஒயில் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். டப்பாவில் டபிள்யூ எழுத்துக்கு முன்னால் உள்ள எண்தான் குளிருக்கானது. ஓட்டோவுக்கு வாங்கி மிஞ்சிய 20டபிள்யூ-50 ஒயிலை இதற்குள் ஊற்றாதீர்கள், வண்டிப் புத்தகம் 10டபிள்யூ-40 என்றால் அதையே போடுங்கள். ஸ்டார்ட்டர் பட்டனை ஐந்து விநாடிக்கு மேல் அமுக்காதீர்கள், விட்டு அரை நிமிடம் கழித்து மறுபடி. பெற்றோல் மணம் குப்பென்று வந்தால் சோக்கைத் தள்ளி, அக்சிலேட்டரை முழுதாகத் திறந்து சுழற்றுங்கள். கியர் பைக் பழக்கத்தில் பள்ளத்தில் உருட்டி ஸ்டார்ட் பண்ணப் பார்க்காதீர்கள். பெல்டில் ஓடும் வண்டி அப்படி ஸ்டார்ட் ஆகாது, ஆள்தான் விழுவார். காப்பரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் வண்டிக்குச் சோக்கே கிடையாது. சாவியைத் திருப்பி, பம்பின் சத்தம் நிற்கும்வரை இரண்டு மூன்று விநாடி பொறுத்து ஸ்டார்ட் பண்ணுங்கள்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள், கெஞ்சியே கேட்கிறேன். குளிர் என்று ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே எஞ்சினை ஓட விடாதீர்கள். சோக் இழுத்த எஞ்சின் வழக்கத்தைவிடப் பல மடங்கு காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவை வெளியே விடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அப்புறம் கால் நிற்காது. போன வருடம் என்னிடம் வேலை பழகிய பையன் ஒருவன், மழைக்காக ஷட்டரை இறக்கிவிட்டு வண்டியை ஓடவிட்டிருந்தான். நான் வந்தபோது சுவரில் சாய்ந்து, "தலை சுத்துது அண்ணே" என்றான். தூக்கி வெளியே போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், பிழைத்துக்கொண்டான். இன்னும் கால் மணி நேரம் பிந்தியிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. லயத்து வீட்டுச் சுவரை ஒட்டிப் பலகை அடித்து வண்டி நிறுத்துகிறவர்களே, அந்தச் சுவருக்கு மறுபக்கம் பிள்ளைகள் தூங்குகிறார்கள். வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்து ஸ்டார்ட் பண்ணுங்கள்.

நாளைக் காலை சாவியைத் திருப்புவதற்கு முன்னால் ஒயில் குச்சியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மட்டம் கூடியிருந்தாலோ பெற்றோல் மணத்தாலோ அன்றைக்கு வண்டியை ஓட்ட வேண்டாம். ஒயிலை முழுதாக இறக்கிவிட்டு, பக்கத்திலுள்ள எந்த மெக்கானிக் பாஸிடமாவது கொண்டுபோய்க் காட்டுங்கள்.