பழைய ரேஸ் படகு வாங்கப் போறீங்களா? முதல்ல தரைப்பலகையைத் தூக்குங்க

செகண்ட் ஹேண்ட் பாய்மரப் படகுகளைச் சோதிச்சு ரிப்போர்ட் எழுதிக் குடுக்கிற சர்வேயர் வேலை என்னோடது. என்கிட்ட வர்றவங்கள்ல முக்காவாசிப் பேர் படகைப் பாத்து மயங்கி, அட்வான்ஸையும் குடுத்துட்டு, அப்புறமாதான் "சார், சும்மா ஒரு பார்வை பாத்துடுங்களேன்"னு போன் பண்ணுவாங்க. சும்மா பாக்குறதுக்கு எதுக்குங்க சர்வேயர்?

அதுலயும் குரூஸர்-ரேஸர்னு ஒரு ஜாதி இருக்கு பாருங்க, குடும்பத்தோட நாலு நாள் தங்கலாம், வார கடைசியில போட்டியிலயும் ஓட்டலாம். ரெண்டு வேலைக்கும் ஒரே படகுன்னு கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அது இதுவரைக்கும் எந்த வேலையை அதிகமா பாத்துச்சுங்கிறதுதான் கேள்வி. டூர் போறவர் காத்து ஏறினா பாயைச் சுருக்கிடுவார், போட்டிக்காரர் பக்கத்துப் படகு சுருக்குற வரைக்கும் சுருக்க மாட்டார். இன்னொண்ணு, எதிர் நீரோட்டத்துல மாட்டாம இருக்க கரையை உரசிக்கிட்டே ஓட்டுவாங்க, ஏன்னா அங்க நீரோட்டம் கம்மி. ஆழமும் கம்மி. அதனால ரொம்ப நாள் ரேஸ் ஓடின படகு ஒரு தடவையாவது தரை தட்டியிருக்கும்னு நெனச்சுக்கிட்டேதான் நான் உள்ள இறங்குவேன்.

தட்டினா என்ன ஆகும்? படகு கவுராம இருக்க அடியில துடுப்பு மாதிரி தொங்குற கனமான கீல் ஒரு கடப்பாரை மாதிரி. அதோட நுனி பாறையில மோதினா, கீலோட முன்பக்கம் ஹல்லை, அதாவது படகோட உடம்பை, விட்டுக் கீழ இழுக்கும், பின்பக்கம் ஹல்லுக்குள்ள மேல குத்தும். அதனால வெளிய கீல் நுனியில இருக்கிற சொட்டையை மட்டும் பாத்துட்டு வராதீங்க, அதை ரெண்டு நாள்ல புட்டி வச்சு மறைச்சுடலாம். உள்ள வாங்க, தரைப்பலகையைத் தூக்குங்க, கீலோட பின்முனை வர்ற இடத்துல குறுக்குச் சட்டங்களைச் சுத்தி மயிரிழை மாதிரி விரிசல் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. நிறைய படகுல இந்தச் சட்டங்களைத் தனியா அச்சுல வார்த்து ஹல்லுக்குள்ள பசை போட்டு ஒட்டியிருப்பாங்க, மேட்ரிக்ஸ்னு சொல்றது. பசை விட்டுப்போனா மேல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, தட்டிப் பாத்து சத்தத்துலதான் பிடிக்கணும், அதுலயும் எல்லாம் சிக்காது. முழுக்க பழசான படகுல பில்ஜ்ல, அதாவது தரைப்பலகைக்கு அடியில இருக்கிற குழியில, மட்டும் புது பெயிண்ட் பளபளன்னு இருந்தா எனக்கு வயித்தைக் கலக்கும்.

பயமுறுத்துறதுக்காகச் சொல்லல. 2014 மே மாசம் சீக்கி ராஃபிகின்னு ஒரு படகு, பெனட்டோ ஃபர்ஸ்ட் 40.7 மாடல், கரீபியன் தீவு ஆன்டிகுவாவுல ரேஸ் வாரம் முடிஞ்சு இங்கிலாந்துக்குத் திரும்பி வரும்போது நடு அட்லாண்டிக்ல கீல் கழண்டு கவுந்துடுச்சு, நாலு பேர் போயிட்டாங்க. பிரிட்டிஷ் கடல் விபத்து விசாரணை அமைப்பால இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியல, ஆனா முன்னாடி தரை தட்டினதும் அதுக்கு அப்புறம் செஞ்ச ரிப்பேரும் கீல் பிடிச்சிருந்த அமைப்பைப் பலவீனமாக்கியிருக்கலாம்னு எழுதினாங்க. லேசா தட்டுச்சுன்னு யாராவது சொன்னா எனக்கு அந்த ரிப்போர்ட்தான் ஞாபகத்துக்கு வரும்.

படகை கிரேன்ல தூக்கும்போது கூடவே நில்லுங்க, டீ குடிக்கப் போயிடாதீங்க. பெல்ட்ல தொங்கும்போது கீலும் ஹல்லும் சேர்ற கோடு முன்பக்கம் வாய் திறக்குதா, கீழ வச்சு எடை கீல்ல இறங்கும்போது மூடுதான்னு பாருங்க. அந்தக் கோட்டுல துருத்தண்ணி வழிஞ்சிருந்தா கீல் போல்ட்டைக் கழட்டிப் பாக்கச் சொல்லுவேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானேன்னு சமாதானம் ஆகாதீங்க, காத்துப் படாத ஈரத்துலதான் அது உள்ளுக்குள்ள அரிச்சுப் போகும்.

ஒரு தடவை ஒரு ஓனர், "பத்து வருஷமா வச்சிருக்கேன், ஒரு தடவைகூட தட்டினதே இல்ல"ன்னு சத்தியம் பண்ணாத குறை. அவரோட பழைய க்ரூ ஒருத்தர் சும்மா பேச்சு குடுக்கிறார், "அந்தப் பாறையில இடிச்சும் அன்னைக்கு ரெண்டாவதா வந்தோம்ல!" பெருமையா வேற. ஓனர் முகம் போன போக்கைப் பாக்கணுமே. அதுலேர்ந்து நான் க்ரூகிட்டதான் முதல்ல பேச்சு குடுக்கிறது.

மத்ததெல்லாம் செலவு சமாச்சாரம், உயிர் பயம் கம்மி. டெக்கை, அதாவது மேல்தளத்தை, பிளாஸ்டிக் சுத்தியால தட்டிக்கிட்டே போங்க, டக் டக்னு வந்த சத்தம் ஒரு இடத்துல மொத்துன்னு மாறினா உள்ள இருக்கிற பால்சா கட்டை தண்ணி குடிச்சு ஊறிடுச்சு. அனேகமா வின்ச் (கயிறு இழுக்கிற உருளை), ஸ்டாஞ்சியன் (ஓரத்துல நிக்கிற கைப்பிடிக் கம்பி) போல்ட் பக்கமாத்தான் இருக்கும். மாஸ்ட்டை, அதாவது பாய்மரத்தை, பிடிச்சிருக்கிற கம்பிக்கு வயசைக் கேளுங்க, பத்துப் பதினஞ்சு வருஷம் தாண்டியிருந்தா இன்சூரன்ஸ்காரங்களே மாத்தச் சொல்லுவாங்க, அந்தத் தொகையை விலையிலேர்ந்து கழிச்சுடுங்க. விளம்பரத்துல 12 பாய் இருக்குன்னு போட்டிருப்பாங்க, விரிச்சுப் பாத்தா அதுல எட்டு கெவ்லார், கார்பன் இழை போட்ட பழைய ரேஸ் பாயா இருக்கும், லேயர் லேயரா உரிஞ்சு வரும். குடும்பத்தோட போக அந்த ஓரத்துல மடிச்சு வச்ச வெள்ளை டேக்ரான் (பாலியஸ்டர் துணி) பாய்தான் உங்களுக்கு உதவும்.

செயில்டிரைவ் (இஞ்சின்லேர்ந்து படகோட அடி வழியா கீழ இறங்குற ப்ரொப்பெல்லர் கால்) இருந்தா அதோட ரப்பர் டயஃப்ரத்தை எப்ப மாத்தினாங்கன்னு பில்லோட கேளுங்க, வோல்வோ பென்டா 7 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றாங்க. படகோட அடியில ஒரு பெரிய ஓட்டையை அடைச்சுக்கிட்டு இருக்கிறது அந்த ரப்பர்தான்.

இஞ்சின் கம்மி மணி நேரம்தான் ஓடியிருக்குன்னு குதிப்பாங்க. ரேஸ் படகுல அது நல்ல சேதி இல்ல, துறைமுகத்தை விட்டு வெளிய வர்ற வரைக்கும்தான் ஓட்டுவாங்க, டீசல் சூடேறுறதுக்குள்ள அணைச்சுடுவாங்க, அப்படியே ஓட்டி ஓட்டி சிலிண்டர் கெட்டுப்போயிருக்கும். அப்படிப்பட்ட இஞ்சின் ஆறிப்போயிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினாதான் மக்கர் தெரியும். அதனால நீங்க போய்ச் சேர்ந்ததும் வணக்கம் சொல்றதுக்கு முன்னாடி இஞ்சின் மூடியைத் திறந்து கையை வைங்க. சூடா இருந்துச்சுன்னா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே யாரோ ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க. "நாளைக்குக் காலையில வரேங்க, நான் வந்தப்புறம் போடுங்க"ன்னு சொல்லிட்டுக் கெளம்பிடுங்க.