உரிமை இருந்தும் திறக்காத ஆவணம்

குன்னூர்த் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தில், ஏலத்துக்குப் போகும் தூளின் மதிப்பீட்டு அறிக்கையை மேலாளரும் கணக்காளரும் படிக்கலாம், ஆனால் அச்சிடக் கூடாது என்று கட்டுப்படுத்தியிருப்பதாகக் கொள்வோம். ஒரு நாள் கணக்காளருக்கே அந்தக் கோப்பு திறக்க மறுக்கிறது. இத்தகைய கோளாறுகளில் மறையாக்கம் (சாவியின்றிப் படிக்க முடியாதபடி உள்ளடக்கத்தை உருமாற்றுவது) பழுதாவது அரிது. ஆளின் அடையாளம், சர்வரின் முகவரி, கடிகாரம் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் பிழை இருக்கும்.

விண்டோஸ் சர்வர் 2003 காலத்தில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டு, 2008 பதிப்பிலிருந்து ஆக்டிவ் டைரக்டரியின் (நிறுவனத்தின் பயனர்களையும் கணினிகளையும் பதிந்துவைக்கும் அடைவு) பெயரோடு வழங்கிய உரிமை மேலாண்மைச் சேவை இவ்வாறு இயங்குகிறது. ஆவணத்தின் உள்ளடக்கம் ஒரு சாவியால் மறையாக்கப்படுகிறது. அந்தச் சாவி சர்வரின் பொதுச் சாவியால் (இதனால் பூட்டியதைச் சர்வரிடமுள்ள இரகசியச் சாவியால்தான் திறக்க முடியும்) பூட்டப்பட்டு, யாருக்கு என்ன உரிமை என்ற பட்டியலோடும் சர்வரின் முகவரியோடும் கோப்புக்குள்ளேயே வைக்கப்படுகிறது. திறப்பவரின் கணினி இந்தத் தொகுப்பை அனுப்பினால், சர்வர் ஆளைச் சரிபார்த்து, சாவியை அவருக்கு மட்டும் பயன்படும்படி மாற்றிப் பூட்டி, பயன்பாட்டு உரிமமாகத் திருப்பித் தருகிறது. (திரையைக் கைப்பேசியில் படமெடுப்பவரை இந்த ஏற்பாடு தடுக்காது.)

ஒருவருக்கு மட்டும் எதுவுமே திறக்கவில்லையென்றால், டைரக்டரியில் அவருடைய மின்னஞ்சல் முகவரியை முதலில் பார்க்க வேண்டும். இந்தச் சேவை ஆட்களை மின்னஞ்சல் முகவரியைக் கொண்டே அறிகிறது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால், கடவுச்சொல் சரியாக இருந்தும் அடையாளச் சான்றிதழ் கிடைக்காது.

புதிய ஆவணங்கள் எல்லோருக்கும் திறந்து, பழையவை மட்டும் மறுத்தால், சர்வரை மாற்றியபோது பெயரும் மாறியதா என்று கேட்க வேண்டும். பழைய கோப்புகள் தம்முள் பொதிந்த பழைய முகவரியையே தேடிப் போகும். ஆகவே எந்தப் பெயர் எந்தக் கணினியைக் குறிக்கிறது என்று சொல்லும் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயரைப் புதிய சர்வருக்குத் திருப்பிவிடுவதோடு, பழைய சர்வரின் சாவிகளையும் புதியதில் ஏற்றியிருக்க வேண்டும். இங்கே ஆய்வைத் திசைதிருப்பும் ஒன்று உண்டு: ஒரு கோப்பை முன்பே திறந்த கணினியில் அதன் உரிமம் சேமிக்கப்பட்டிருக்கலாம் என்பதால், அங்கே திறப்பதைப் பார்த்து சர்வர் நலமாக இருப்பதாக எண்ணிவிடக் கூடாது.

தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து மின்சாரம் போய்வந்த பிறகு சிக்கல் தொடங்கினால், கடிகாரத்தைச் சந்தேகிக்கலாம். தாய்ப்பலகையிலுள்ள சிறு பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் திரும்பும்போது கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருக்கும். ஆளைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் நெறிமுறை இயல்பாக 5 நிமிட வேறுபாட்டையே பொறுக்கும். சான்றிதழ்களும் இன்னும் செல்லுபடியாகாதவை போலத் தோன்றும்.

ஆவணத்துக்கு இந்தக் கட்டுப்பாட்டை இட்டவர் வேலையை விட்டுப் போய்விட்டால், எல்லா ஆவணங்களையும் திறக்கவல்ல சிறப்புப் பயனர் குழுவை நிர்வாகி இயக்கலாம். அது இயல்பாக முடக்கப்பட்டே இருக்கும், வேலை முடிந்ததும் மீண்டும் முடக்குவதே நல்லது. சர்வரின் சாவியே காப்பு நகலின்றித் தொலைந்திருந்தால் அந்தக் குழுவாலும் எதையும் திறக்க இயலாது.