எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள்

அல்சூரில் இருக்கும் என் அலுவலகத்துக்கு ஒரு மாலை, பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். மலேசியத் தமிழ்ப்பெண். பெங்களூரில் படிப்பு, மாணவர் விசா. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஃப்ரீடம் பார்க்கில் ஒரு போராட்டத்தில் அட்டை பிடித்து நின்றிருக்கிறாள். படம் இன்ஸ்டாகிராமில் சுற்றியது. மறுநாளே கல்லூரி அலுவலகத்திலிருந்து போன்: "உன் விசா ரத்தாகப் போகுது, இந்த வாரமே ஊருக்குக் கிளம்பிடு."

"வம்பே வேண்டாம் வக்கீலம்மா, சங்கிலியை அடகு வெச்சாவது டிக்கெட் போட்டுடறோம்" என்றார் பெரியம்மா. அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. பாஸ்போர்ட் இருந்த பிளாஸ்டிக் கவரின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தாள்.

"கையில் காகிதம் ஏதாவது கொடுத்தார்களா?" என்று கேட்டேன். இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு தரும் பேச்சுரிமை குடிமக்களுக்கு மட்டும்தான். ஆனால் சட்டத்தின் முன் சமத்துவம் தரும் 14, உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் 21 ஆகிய பிரிவுகள் இந்த மண்ணில் இருக்கும் யாருக்கும் பொருந்தும். வெளிநாட்டவரை அனுப்பிவைக்க அரசுக்கு இருக்கும் அதிகாரம் மிகப் பெரியது. 1955-லேயே ஹான்ஸ் முல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் 'ஒன்றும் ஆகாது' என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. ஆனால் அந்த அதிகாரத்தையும் காகிதத்தில்தான் காட்ட வேண்டும்.

குடியுரிமைத் திருத்தச் சட்டப் போராட்டக் காலத்தில் நடந்த இரண்டைப் பாருங்கள். 2019 டிசம்பரில் சென்னை ஐஐடியில் படித்த ஜெர்மன் மாணவரைக் கிளம்பச் சொன்னார்கள். வாய்மொழியாகத்தான் சொன்னார்கள், கடிதம் தரவில்லை என்றார் அவர். உடனே விமானம் ஏறிவிட்டார். கொல்கத்தாவில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் படித்த போலந்து மாணவருக்கோ, நாட்டை விட்டுப் போகச் சொல்லி எழுத்தில் நோட்டீஸ் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் உயர் நீதிமன்றம் போனார். 2020 மார்ச்சில் நீதிமன்றம் அந்த நோட்டீஸையே ரத்து செய்தது. வெளிநாட்டவரும் சாசனத்தின் 226-வது பிரிவின் கீழ், அரசின் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். பலருக்கு இது தெரிவதே இல்லை.

அமெரிக்கா போகும் பிள்ளைகளும் இப்போது இதையே கேட்கிறார்கள். அங்கே பேச்சுரிமை தரும் சாசனத்தின் முதல் திருத்தம் 'குடிமக்கள்' என்று பிரித்துச் சொல்வதில்லை. ஆனாலும் 2025-ல் பாலஸ்தீனத்துக்காகப் பேசிய மாணவர்களின் விசாவை ரத்து செய்தார்கள், சிலரைக் கைதும் செய்தார்கள். அந்தச் செப்டம்பரில் பாஸ்டனில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, அங்கே சட்டப்படி இருக்கும் வெளிநாட்டவருக்கும் அதே பேச்சுரிமை உண்டு என்று தீர்ப்பு எழுதினார். அப்படி ஒரு தீர்ப்பு வருவதற்குள் படிப்பில் ஒரு வருடம் போய்விடுகிறது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன செய்தோம்? அங்கேயே உட்கார்ந்து கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினோம். யார் சொன்னது, எந்தச் சட்டப்பிரிவு, எத்தனை நாள் அவகாசம், உத்தரவின் நகல் வேண்டும். 'நானாகவே கிளம்புகிறேன்' என்ற எதிலும் கையெழுத்துப் போடாதே, வகுப்புக்கு ஒரு நாளும் மட்டம் போடாதே என்றேன். நோட்டீஸ் வந்தால் உறையைக்கூடத் தூக்கிப் போடாமல், கைக்கு வந்த தேதியை அதிலேயே குறித்துவைக்கச் சொன்னேன்.

நான்காம் நாள் பதில் வந்தது: 'எழுத்துபூர்வமாக எங்களுக்கு எந்தத் தகவலும் வரவில்லை.' பெரியம்மா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அந்தப் பெண் செமஸ்டர் தேர்வுக்குப் பணம் கட்டப் போனாள்.