மாற்றுத்திறனாளிகள் முகாம்: சட்டம் தருவது என்ன, ஊர் செய்ய வேண்டியது என்ன

மண்டூருக்குப் போகும் பாதையில், அதாவது மட்டக்களப்பு வாவியைக் கடக்கிற மிதவையில், ஏறுவதற்காகக் குருமண்வெளித் துறையில் ஒரு தாய் காத்து நின்றார். இடுப்பில் ஒன்பது வயது மகன். அவனுடைய கால்கள் அவரது முழங்காலுக்கும் கீழே தொங்கின. கையில் ஒரு பொலித்தீன் பை. உள்ளே கிளினிக் கொப்பி, பிறப்பத்தாட்சி, ஒரு போத்தல் தண்ணீர். வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் நடந்த மாற்றுத்திறனாளிகள் முகாம் ஒன்றுக்கு வந்து, வைத்தியரைக் காணாமலே திரும்பிக்கொண்டிருந்தார். "பன்னிரண்டு மணிக்கே டொக்டர் போயிட்டாராம் மனே. அடுத்த முறை வேளைக்கு வரட்டாம். விடியக்காலம் முதல் பாதையிலதான் நான் வந்த."

அந்த முகாமை நடத்தியவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பந்தல் போட்டிருந்தார்கள், வந்தவர்களுக்குச் சோறும் கொடுத்தார்கள். வாவிக்கு அந்தப் பக்கம் ஒரு வாகனம் அனுப்ப வேண்டும் என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை. மட்டக்களப்பு, அம்பாறை ஊர்களில் இப்படி ஒரு முகாமுக்குத் தோள் கொடுக்க நினைக்கிற கோயில் சபை, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம் எல்லோருக்காகவும், அதற்குப் போக நினைக்கிற குடும்பங்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முகாம் என்று சொன்னால் எங்கள் பக்கத்து வயதானவர்களுக்கு இராணுவ முகாமும் அகதி முகாமும்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். வீட்டு வாசலில் போய் "முகாமுக்கு வாங்க" என்றால் முகம் மாறிவிடுகிறது. எதற்குக் கூப்பிடுகிறோம், யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு வீட்டில் கொண்டுவந்து விடுவோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முகாமுக்கு முன்பே இருக்கிற உரிமை

முகாமில் கிடைப்பதை யாரோ தருகிற தருமமாக நினைத்துக் கைகூப்பி நிற்பவர்கள் பலர். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென்றே வந்தது. வேலைக்கு எடுக்கும்போதும் கல்வி நிறுவனத்தில் சேர்க்கும்போதும் குறைபாட்டைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது. பொதுமக்கள் போகிற இடத்துக்கு அவர்கள் போவதைத் தடுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. மீறினால் மேல் நீதிமன்றத்துக்கு மனு கொடுக்கலாம். அரச வேலைவாய்ப்பில் தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு நூற்றுக்கு 3 இடம் என்பது அதற்கும் முந்தியது, 1988ஆம் ஆண்டின் சுற்றறிக்கை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. வாக்களிக்கும்போது துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம் என்று 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது.

பணமாகக் கிடைப்பது மாதாந்தக் கொடுப்பனவு. வருமானம் குறைந்த குடும்பத்திலுள்ள மாற்றுத்திறனாளிக்கு அஸ்வெசும என்ற அரச நலன்புரித் திட்டத்தின் கீழ் கொடுக்கப்படும் 7,500 ரூபாய், 2025இல் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முகாம் வரும்வரை இதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்குப் போய், அங்குள்ள சமூக சேவைகள் உத்தியோகத்தரைச் சந்தித்தால் போதும். சக்கர நாற்காலி, ஊன்றுகோல், செவிப்புலன் கருவி, மூக்குக் கண்ணாடி, சுயதொழில் உதவி எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் முதலில் போக வேண்டும்.

அப்படியானால் முகாம் எதற்கு? ஒரு விண்ணப்பம் முழுமையாக வேண்டுமென்றால் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், அரச வைத்தியரின் அத்தாட்சி, அடையாள அட்டை, பிறப்பத்தாட்சி, வங்கிக் கணக்கு எல்லாம் வேண்டும். நடக்கத் தெரிந்தவருக்கே இது நாலைந்து நாள் அலைச்சல். வாகரையின் உட்கிராமத்திலிருந்தோ வெல்லாவெளியிலிருந்தோ ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்க்கு ஒவ்வொரு நாளும் ஓட்டோக் காசும் போகும், நாட்கூலியும் போகும். இந்த மேசைகள் எல்லாம் ஒரே மண்டபத்தில் ஒரே நாளில் இருப்பதுதான் முகாமின் முழுப் பயன். சட்டை, பால்மா, உலருணவு கொடுத்து முடிகிற நிகழ்வு நல்ல காரியம்தான். ஆனால் அந்த மேசைகள் இல்லாவிட்டால் அந்தத் தாயின் அலைச்சல் அப்படியே இருக்கும்.

ஊர் சேர்ந்தால்தான் ஆகும் வேலை

பிரதேச செயலகம் உத்தியோகத்தர்களை அனுப்பும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடமும் ஆதார வைத்தியசாலையிடமும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டால் வைத்தியர், இயன்மருத்துவர் வருவார்கள். ஆனால் எந்த வீட்டின் பின் அறையில் யார் படுத்திருக்கிறார் என்பது எந்த அலுவலகத்தின் பட்டியலிலும் முழுதாக இருக்காது. அது ஊருக்குத்தான் தெரியும். குறிப்பாக மிசிமாருக்கும் (ஊருக்கு வருகிற குடும்ப நலத் தாதிமார்) முன்பள்ளி ஆசிரியைகளுக்கும் மரண உதவிச் சங்கத்துக்குச் சந்தா சேர்ப்பவருக்கும் தெரியும். முகாமுக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு முன்பே இவர்களை இருத்தி, வீடு வீடாகப் பட்டியல் எடுங்கள்.

"உங்கட வீட்டில ஊனமானவங்க இருக்காங்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் கேட்டதைப் போலக் கேளுங்கள்: பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், ஞாபகம் வைப்பதில், குளித்து உடுப்பதில், பேசுவதில் சிரமம் யாருக்காவது இருக்கிறதா? நாடு முழுவதும் 5 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 8.7 பேர் அப்படி ஏதோ ஒரு சிரமம் இருப்பதாக அப்போது சொன்னார்கள். உங்கள் ஊரில் 1,000 பேர் இருந்தும் பட்டியலில் பத்துப் பேர்தான் என்றால், இன்னும் கதவு தட்ட வேண்டியிருக்கிறது.

மனநோயோடு இருப்பவரும், பிந்தி வளர்கிற பிள்ளையும், காது கேளாத பெண்ணும் பட்டியலில் விடுபடுகிறவர்கள். எல்லோரையும் உள்வாங்கிய முகாம் என்று பதாகையில் எழுதிவிட்டு, சக்கர நாற்காலியில் இருப்பவர்களை மட்டும் அழைப்பது சரியில்லை. சைகை மொழி தெரிந்த ஒருவரை முன்பே ஒழுங்கு செய்யுங்கள். அம்பாறை மாவட்டத்தில் சிங்களம் பேசுகிற வைத்தியர் வரக்கூடும். இரண்டு மொழியும் தெரிந்த இளைஞர்கள் சிலரை மேசைகளுக்கு அருகில் நிறுத்துங்கள். படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். தமிழ் அரச கரும மொழி.

நாள் குறிப்பதில் ஒரு விடயம். டிசம்பர் 3 சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம் என்பதால் பல முகாம்கள் அந்த வாரத்தில் வைக்கப்படுகின்றன. எங்களுக்கு அது மாரி மழைக்காலம். வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரை வீதிகளில் தண்ணீர் நிற்கும் காலம். விழாவை டிசம்பரில் வையுங்கள். முகாமை வெள்ளம் வடிந்து, அறுவடையும் முடிந்த பிறகு வையுங்கள். அப்போது லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்களும் வேலையில்லாமல் நிற்கும், ஆட்களை ஏற்றி இறக்கக் கேட்கலாம்.

இடத்தைத் தெரிவு செய்யும்போது படியைப் பாருங்கள். பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் போய்வர வசதி இருக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. 2011இல் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஆனாலும் எங்கள் பொதுநோக்கு மண்டபங்கள் பலவற்றில் வாசலில் மூன்று படி ஏறித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. சாய்தளத்துக்குப் பொதுவான கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு "ரெடி" என்று சொன்னால், நாற்காலியை நாலு பேர் சுமந்து ஏற்ற வேண்டிவரும். மலசலகூடக் கதவால் நாற்காலி போகுமா என்று முதல் நாளே உருட்டிப் பாருங்கள். இதைப் பார்க்காத முகாம்களில், காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருந்த பெண்களைக் கண்டிருக்கிறேன்.

சக்கர நாற்காலி கொடுப்பதாக இருந்தால், அளவெடுக்காமல் வாங்காதீர்கள். வெளிநாட்டிலுள்ள ஊர்ப்பிள்ளைகள் நல்ல மனதோடு காசு அனுப்புவார்கள்; இங்கே பத்து நாற்காலி ஒரே அளவில் வந்து இறங்கும். பெரியவர்களின் நாற்காலியில் ஒரு சின்னப் பிள்ளையை இருத்தினால் உடம்பு ஒரு பக்கம் சரிந்து, முதுகெலும்பும் அப்படியே வளையும். இடுப்பின் அகலம், முழங்காலிலிருந்து குதிகால் வரை, முதுகின் உயரம் ஆகிய மூன்றையும் இயன்மருத்துவர் அளந்து எழுதட்டும். கல்குடாவிலும் திருக்கோவிலிலும் மணல் முற்றம். மெல்லிய முன்சில்லு அதில் புதைந்துபோகும். சில்லு அகலமானதாகக் கேளுங்கள். கொடுக்கும்போது மேடையில் ஏற்றிப் படம் எடுக்க வேண்டுமா என்று அந்தக் குடும்பத்திடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

முகாமுக்கு அடுத்த கிழமை

முகாமில் பதிந்த விண்ணப்பங்கள் தேங்குவது இதற்குப் பிறகுதான். ஒரு கொப்பி போடுங்கள். பெயர், என்ன கேட்டார், எந்த அதிகாரி என்ன சொன்னார், எந்தத் திகதிக்குள், ஊரில் யார் பொறுப்பு. இரண்டு மாதத்துக்குப் பிறகும் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். பாடசாலையில் சேர்க்க மறுத்தார்கள், வேலை நேர்முகத்தில் ஒதுக்கினார்கள் என்ற முறைப்பாடுகளை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் கொடுக்கலாம்; மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதற்குப் பிராந்திய அலுவலகம் உண்டு.

அந்தக் கொப்பியில் வீட்டாரின் நோயும் வருமானமும் இருக்கும். அது யாருடைய அலுமாரியில் இருக்கும், யார் திறந்து பார்க்கலாம் என்பதை முகாமுக்கு முன்னரே கூட்டத்தில் தீர்மானித்து எழுதி வையுங்கள். வாவிக்கு அந்தப் பக்கம் போகிற வாகனத்தின் நேரத்தையும் அதே கூட்டத்திலேயே எழுதுங்கள்.