தேறல்: ‘மீட்’ என்ற பானத்துக்குத் தமிழில் என்ன சொல்?

மிச்சிகனில் இருக்கும் நண்பர் ஒருவர் வீட்டிலேயே தேனை நொதிக்க வைத்து மீட் செய்கிறார். முதல்முறையாக ஒரு போட்டிக்கு அனுப்பப்போவதாக எனக்கு எழுதியிருந்தார். ‘என் மீட்டைப் போட்டிக்கு அனுப்புகிறேன்’ என்ற வரியைப் படித்த என் மனைவி, கறி சமைக்கும் போட்டியா என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. தமிழில் எழுதும்போது இறைச்சியும் மீட், சந்திப்பும் மீட், இந்தப் பானமும் மீட். நண்பரின் அடுத்த கேள்வியும் அதுதான்: இதற்குத் தமிழில் ஒரு சொல் கிடையாதா?

இருக்கிறது. அதுவும் அருமையான சொல்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். கெட்டியான தேனில் சர்க்கரை அடர்த்தி மிக அதிகம், நீர் குறைவு. அதில் ஈஸ்ட் வேலை செய்ய முடியாது; தேன் கெடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நீர் கலந்தால் நொதிக்கத் தொடங்கிவிடும். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தேனில் நீர் சேர்த்து நாலு லிட்டர் ஆக்கினால் 14 சதவீதத்தை ஒட்டிய சாராயச் செறிவு வரும். சில வாரம் பொங்கும், அப்புறம் மண்டி அடியில் படியும், மேலே பொன்நிறத்தில் தெளிந்து நிற்கும். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். (அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு அளவோடு செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் செய்வது குற்றம். இங்கே யாரும் முயல வேண்டாம்.)

ஆங்கிலச் சொல்லின் பிறப்பு சுவையானது. பழைய ஆங்கிலத்தில் அது ‘மெது’. வெல்ஷ் மொழியில் ‘மெத்’, லித்துவேனியனில் ‘மிதுஸ்’, ருஷ்யனில் ‘ம்யோத்’. கிரேக்கத்தில் ‘மெத்து’ என்றால் ஒயின். செவ்வந்திக்கல்லின் ஆங்கிலப் பெயரான ‘அமெதிஸ்ட்’டுக்குள் இருப்பதும் இதே வேர்தான், ‘போதை ஏறாத’ என்பது அதன் பொருள். வடமொழியில் ‘மது’. எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. ஆக, டாஸ்மாக் பலகையில் நாம் படிக்கும் ‘மது’வும் ஆங்கிலேயரின் மீட்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

அப்படியானால் மது என்றே சொல்லிவிடலாமே? முடியாது. இன்றைய தமிழில் மது என்றால் பிராந்தியும் பீரும் எல்லாமும்தான். தேனுக்கும் அந்தச் சொல்லுக்கும் இருந்த உறவு நம் பேச்சில் அறுந்துபோயிற்று. ‘தேன் ஒயின்’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஒயின் என்றதும் திராட்சைதான் நினைவுக்கு வரும், அதனால் எனக்கு அது ஒட்டவில்லை.

சரி, பழந்தமிழுக்குப் போவோம். திருமுருகாற்றுப்படையில் குன்றத்து மக்கள் ‘நீடமை விளைந்த தேக்கள் தேறல்’ குடித்துச் சுற்றத்தோடு மகிழ்கிறார்கள். அமை என்றால் மூங்கில். நெடிய மூங்கில் குழாயில் ஊற்றி வைத்து முதிரச் செய்த தேன் கள்ளின் தெளிவு என்று பொருள். மலைபடுகடாம் ‘வேய்ப்பெயல் விளையுள் தேக்கள் தேறல்’ என்கிறது. புறநானூறு 129ஆம் பாட்டில், ஆய் அண்டிரனின் மலையில் குறவர்கள் வளைந்த மூங்கிலில் முதிர்ந்த தேறலைக் குடித்து, வேங்கை மரம் நிற்கும் முற்றத்தில் குரவை ஆடுகிறார்கள். தேன், முதிரவிடும் கலம், காத்திருக்கும் காலம், கடைசியில் தெளிவு. மீட் செய்முறையின் முக்கியமான படிகள் அத்தனையும் இந்த ஒன்றிரண்டு அடிகளில் இருக்கின்றன.

‘தேறு’ என்ற வினையில் பிறந்தது தேறல். தேறுதல் என்றால் தெளிதல். ‘உடம்பு தேறிவிட்டது’, ‘பரீட்சையில் தேறினான்’, ‘மனசைத் தேற்றிக்கொள்’ என்று தினமும் பேசுகிறோமே, அதே தேறுதான். கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கப் பானையின் உள்பக்கத்தில் தேற்றாங்கொட்டையை உரசுவார்கள். தேத்தாங்கொட்டை என்று சொன்னால் என் பாட்டி காலத்து ஆட்களுக்கு உடனே புரியும். அந்தப் பெயரும் இந்த வேர்தான். மண்டி படிந்து மேலே தெளிந்து நிற்பதைத்தான் நம் முன்னோர் பெயராக வைத்தார்கள்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. தேறல் என்று மட்டும் சொன்னால் அது தேனில் செய்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. குறிஞ்சிப்பாட்டில் மாங்கனியும் தேனும் பலாப்பழமும் சுனையில் விழுந்து விளைந்த தேறலை, தண்ணீர் என்று நினைத்து மயில் குடித்துவிடுகிறது. அதனால் மீட்டுக்குத் ‘தேன்தேறல்’ என்பதே என் பரிந்துரை. இலக்கணப்படி புணர்த்தால் ‘தேன்றேறல்’ என்று வரும். படிப்பவருக்கு உடனே விளங்க வேண்டும் என்பதால் பிரித்தே எழுதலாம்.

போட்டிக்கு வருவோம். முதல்முறை கலந்துகொள்பவரைத் திணறடிப்பது பெரும்பாலும் விண்ணப்பப் படிவம்தான். அமெரிக்காவில் வீட்டுத் தயாரிப்புப் போட்டிகள் பலவும் 1985இல் தொடங்கிய பிஜேசிபி என்ற நடுவர் அமைப்பின் நெறிமுறையைப் பின்பற்றுகின்றன. அதன்படி மூன்றை அறிவிக்க வேண்டும். இனிப்பு எவ்வளவு: இனிப்பற்றது, இளவினிப்பு, இனிப்பு. குமிழ் எவ்வளவு: குமிழற்றது, சிறுகுமிழ், நுரைப்பது. செறிவு எவ்வளவு: ‘ஹைட்ரோமெல்’ 3.5 முதல் 7.5 சதவீதம், ‘ஸ்டாண்டர்ட்’ 14 வரை, ‘சாக்’ 18 வரை. ஹைட்ரோமெல் என்ற கிரேக்கச் சொல்லைப் பிரித்தால் நீர், தேன், அவ்வளவுதான், ‘இளந்தேறல்’ எனலாம். ஸ்டாண்டர்டுக்குத் தேன்தேறல் என்பதே போதும். சாக் வகைக்கு ‘கடுந்தேறல்’ பொருந்தும். ‘தேட்கடுப்பன்ன நாட்படு தேறல்’ என்று ஔவையார் பாடியிருக்கிறாரே, தேள் கொட்டியது போல் சுரீரென்று ஏறும் என்று!

நடுவர்களுக்குச் செய்தவர் பெயர் தெரியாது. அறிவித்த மூன்றை வைத்துத்தான் சுவைப்பார்கள். இனிப்பற்றது என்று எழுதி இனிப்பாக இருந்தால், பானம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மதிப்பெண் போகும். தேன் எந்தப் பூவினுடையது என்று சொல்வது பொதுவகைக்குக் கட்டாயமில்லை, ஆனால் சொல்லிவிட்டால் அந்தப் பூவின் மணத்தைத் தேடுவார்கள். மொத்தம் 50 மதிப்பெண்: மணத்துக்கு 10, தோற்றத்துக்கு 6, சுவைக்கு 24, ஒட்டுமொத்த நிறைவுக்கு 10. பானம் எவ்வளவு தெளிந்திருக்கிறது என்பது அந்த ஆறுக்குள்தான் வரும்.

இளவினிப்பு, குமிழற்றது, ஸ்டாண்டர்ட் என்று நண்பர் படிவத்தை நிரப்பிவிட்டார். புட்டியில் அடைத்தாயிற்றா என்று கேட்டேன். அவர் அனுப்பிய பதில்: ‘இன்னும் தேறல. ரெண்டு வாரம் ஆகும்.’