இந்த வயதில் எனக்கு என்ன வளர வேண்டும்? ‘வளரூக்கி’ என்ற சொல்லைப் பற்றி

பெரியம்மாவுக்கு 64 வயது. பெரம்பூரில் 29சி பஸ் ஏறுவதென்றால் முதல்நாள் ராத்திரியே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார். பெசன்ட் நகர் போய்ச் சேருவதற்குள் அவசரம் என்றால் எங்கே இறங்குவது? போன மாதம் ஒருவழியாகச் சம்மதிக்கவைத்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். உட்கார்ந்திருந்த இடத்தில் தமிழில் அச்சடித்த துண்டுத்தாள் அடுக்கிவைத்திருந்தார்கள். வழவழ தாள், பூப்போட்ட ஓரம். அதில் ஒரு வரி: ‘மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வளரூக்கிக் குறைபாட்டால் சிறுநீரகம் கட்டுப்பாட்டை இழக்கும்.’

பெரியம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார். “ஏண்டி, இந்த வயசுல எனக்கு இனிமே என்ன வளரணும்? கிட்னி வேற போயிடுச்சாமே?”

ஒரே வரியில் இரண்டு தப்பு. சின்னதை முதலில் முடித்துவிடுகிறேன். கிட்னிதான் சிறுநீரகம். சிறுநீர் சேர்ந்து நிற்கிற பை சிறுநீர்ப்பை. அகம் என்றால் இருக்கிற இடம் என்பதால் சிறுநீரகம் என்றதும் சிறுநீர் தங்கும் இடம் என்று படுவது இயல்புதான், அதற்காக மருத்துவத் தாள் எழுதுகிறவருக்கும் அப்படியே படலாமா? கறிக்கடையில் குண்டிக்காய் என்று கேட்டால் சரியான உறுப்பைத்தான் வெட்டித் தருகிறார்கள். மருத்துவமனையில் மாறிப்போகிறது. (சிறுநீர்ப்பை என்றாலும் வார்டில் கட்டிலோரம் தொங்கும் பிளாஸ்டிக் பையை நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு, அது வேறு கதை.)

என் வழக்கு ‘வளரூக்கி’ மேல். ஹார்மோனுக்கு இந்தச் சொல்லை இதற்கு முன்பும் பல இடங்களில் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன், இந்தத் தடவை முடியவில்லை.

ஹார்மோன் என்ற பெயர் வந்த கதை சின்னது. 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் செக்ரிட்டின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். சிறுகுடலில் சுரந்து, ரத்தத்தில் போய், கணையத்தைச் சாறு சுரக்கச் சொல்லும் பொருள். இந்த மாதிரித் தூது போகிற பொருள்களுக்கெல்லாம் சேர்த்து 1905இல் ஸ்டார்லிங் ஒரு சொற்பொழிவில் ஹார்மோன் என்ற பெயரைப் பயன்படுத்தினார். கிரேக்க மூலத்துக்குத் தூண்டு, முடுக்கு, கிளப்பிவிடு என்று பொருள். வளர்ச்சி என்ற பேச்சே அதில் இல்லை. முதலில் பிடிபட்ட செக்ரிட்டினின் வேலையும் எதையும் வளர்ப்பதல்ல, சுரக்கச் செய்வதுதான்.

அப்புறம் ‘வளர்’ எங்கிருந்து வந்தது? என் ஊகம், உரக்கடையிலிருந்து. பயிருக்குத் தெளிக்கிற ‘வளர்ச்சி ஊக்கி’ புட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். செடியின் ஹார்மோனைச் சொல்ல வந்த சொல் சுருங்கி மனுஷ உடம்புக்குள்ளும் நுழைந்துவிட்டது. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, வளர், ஊக்கி, இரண்டும் சுத்தத் தமிழ், புணர்ச்சியும் சரி. அதனாலேயே யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் செடியிலேயே இது முழுசாகச் செல்லாது. அப்சிசிக் அமிலம் என்று ஒரு தாவர ஹார்மோன் உண்டு, வறட்சி வந்தால் இலைத்துளைகளை மூடவைக்கும், விதையை முளைக்கவிடாமல் தூங்கவைக்கும். வளர்ச்சியைப் பிடித்து நிறுத்துவதற்குப் பெயர் வளரூக்கியா? சரி, உண்மையிலேயே வளர்ச்சிக்கென்று இருக்கிற ஹார்மோனை என்ன சொல்வீர்கள், ‘வளர்ச்சி வளரூக்கி’ என்றா?

சிறுநீர் விஷயத்துக்கு வந்தால் இந்தச் சொல் எவ்வளவு பொய் சொல்கிறது என்பது இன்னும் நன்றாகத் தெரியும். வாசோபிரசின் என்ற ஹார்மோனை எடுத்துக்கொள்ளுங்கள். மூளையின் அடியில் ஹைப்போதாலமஸில் உருவாகி, பிட்யூட்டரி என்ற சுரப்பியின் பின்பகுதியிலிருந்து ரத்தத்தில் இறங்குகிறது. சிறுநீரகத்துக்குப் போய் அங்கே தண்ணீரைத் திரும்ப உடம்புக்குள் இழுக்கும் வாசல்களைத் திறந்துவிடுகிறது, அதனால் சிறுநீர் குறைகிறது, பை மெதுவாக நிரம்புகிறது. ராத்திரி இது கூடுதலாகச் சுரப்பதால்தான் நாம் எழுந்திருக்காமல் தூங்குகிறோம். வயதானால் பலருக்கு அந்த ராத்திரிக் கூடுதல் மங்கிவிடும், இரண்டு மூன்று தடவை எழுந்து போவதற்கு அதுவும் ஒரு காரணம். மதுக்கடைக்குப் பக்கத்துச் சுவரோரம் அடிக்கடி ஆள் நிற்பதும் இந்தக் கணக்குதான், சாராயம் இந்த ஹார்மோனை அடக்கிவிடும். ஆக, இதன் வேலையே குறைப்பது. இதை ‘சிறுநீர்க் குறைப்பு வளரூக்கி’ என்று ஒருவர் மொழிபெயர்த்து நான் படித்திருக்கிறேன். குறைக்கிற ஊக்கி! எழுதியவர் தன் வரியைத் தானே ஒரு தடவை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும்.

பெரியம்மாவின் பிரச்சினை வேறு, அது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். சிறுநீர்க்குழாயின் (பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் வழி) உள்பூச்சிலும், பையிலும், இவற்றைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைகளிலும் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. மாதவிடாய் நின்றபின் இந்த ஹார்மோன் வடிந்துபோக, உள்பூச்சு மெலிந்து உலர்கிறது, எரிச்சல், திடீர் அவசரம், திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று எல்லாம் வரிசையாக வருகின்றன. இங்கேதான் ‘ஊக்கி’ என்ற சொல் நேராகக் குழியில் தள்ளுகிறது. ஊக்கி குறைந்ததா, ஊக்கியை ஏற்று, சரியாகிவிடும் என்றுதானே படிக்கிறவர் நினைப்பார்? ஆனால் அமெரிக்காவில் பெண்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2005இல் வெளியிட்ட முடிவு நேர்மாறு. வாய்வழியாக ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுத்தவர்களில் சிறுநீர்க் கசிவு புதிதாக வருவது அதிகமானது, ஏற்கெனவே இருந்தவர்களில் பலருக்குக் கூடியது. அதே ஈஸ்ட்ரோஜனைக் கொஞ்சமாகப் பிறப்புறுப்பில் தடவும் க்ரீமாகக் கொடுத்தால் அவசரமும் தொற்றும் குறைகின்றன. எங்கே, எவ்வளவு, எந்த வழியில் என்பதைப் பொறுத்து விளைவே திரும்பிவிடும் பொருளுக்கு, ஒரே திசையைக் காட்டும் பெயரை வைப்பது வாசகரை ஏமாற்றுவது.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆண்களுக்கு வயதாகும்போது புராஸ்டேட் சுரப்பி பெரிதாகிச் சிறுநீர்க்குழாயை நெருக்குகிறதே, அதற்கு டெஸ்டோஸ்டிரோனும் அதிலிருந்து உண்டாகும் இன்னொரு ஹார்மோனும் வேண்டும். அங்கே ‘வளரூக்கி’ அச்சாகப் பொருந்தும். அந்த ஒரு வளர்ச்சிதான் யாருக்கும் வேண்டாதது.

சரி, பதிலுக்கு என்ன? ‘இயக்குநீர்’ பல வருஷமாக என் கட்சி. கிரேக்க மூலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, கூட்டு குறை என்று எதையும் முன்கூட்டிச் சொல்லாது. ஆனால் சிறுநீர்ப்பை பற்றி எழுதும்போது அதுவும் காலை வாரிவிட்டது. ‘இயக்குநீர் குறைவதால் சிறுநீர் அடிக்கடி வரலாம்’ என்று நானே ஒரு தாளுக்கு எழுதி, வீட்டில் வேலை செய்யும் அக்காவிடம் படித்துக்காட்டினேன். “இயக்குநீர்னா என்னம்மா, கேன் தண்ணியா?” என்றார். சிரித்துவிட்டேன், அப்புறம் யோசித்தால் அவர் கேட்டது நியாயம். நீரைப் பற்றியே பேசும் பக்கத்தில் நீராக இல்லாத ஒன்றுக்கு நீர் என்று பெயர் வைத்தது என் தப்பு. ஹார்மோன் ரத்தத்தில் துளியினும் துளியாகக் கலந்து போகும் ரசாயனம், அதற்கென்று தனி நீர் கிடையாது.

அதனால் இப்போது என் நிலை இது. நோயாளி கையில் கொடுக்கும் தாளில் ஹார்மோன் என்றே போடுங்கள், முதல்முறை வரும்போது ‘சுரப்பிகள் ரத்தம் வழியாக அனுப்பும் தூது’ என்று அரை வரி சேருங்கள். ஈழத்துப் பாடநூல்களில் ஓமோன் என்று எழுதுகிறார்கள், தமிழ் வாய்க்கு அது இன்னும் இதம். கட்டுரையில், பாடத்தில் இயக்குநீர் இருக்கட்டும். வளரூக்கிக்கு மட்டும் எங்கும் இடம் இல்லை. என்சைமுக்கு ‘நொதி’ என்று இரண்டே எழுத்தில் கிடைத்த மாதிரி ஹார்மோனுக்கு ஒன்று கிடைக்கவில்லையே என்ற வயிற்றெரிச்சல் எனக்கு உண்டு, அதற்காகத் தப்பான சொல்லைக் கட்டிக்கொள்ள முடியாது.

தூய தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதைச் சொல்லி என்னை அடிக்க வராதீர்கள். பொருள் தெரிந்து வையுங்கள் என்கிறேன். தும்மினால், இருமினால், குடத்தைத் தூக்கினால் வயிற்றில் அழுத்தம் ஏறிச் சொட்டு வருவதற்கு ஸ்ட்ரெஸ் இன்கான்டினென்ஸ் என்று பெயர். அதே துண்டுத்தாளின் மறுபக்கத்தில் அது ‘மன அழுத்தச் சிறுநீர்க் கசிவு’ ஆகியிருந்தது, கீழே தியானம் செய்யச் சொல்லி ஒரு படம் வேறு. ஸ்ட்ரெஸ் என்றதும் மனசு ஞாபகம் வந்துவிட்டது. பாதிக்கப்பட்ட பெண்கள் ‘தும்மினா வந்துடுது’, ‘அடக்க முடியல’ என்று எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார்கள், அதில் பாதியாவது மொழிபெயர்ப்பாளர் காதில் விழக் கூடாதா?

பெயர் தப்பு என்று தெரிந்தால் மருத்துவர்களே மாற்றுகிறார்கள். வாசோபிரசின் கோளாறால் நிறையச் சிறுநீர் போகும் நோய்க்கு ‘டயாபடீஸ் இன்சிபிடஸ்’ என்று பெயர் இருந்தது. சர்க்கரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் முதல் பாதியைப் பார்த்துச் சர்க்கரை நோயாளி என்று நினைத்துக் கவனிப்பில் கோட்டைவிட்ட சம்பவங்கள் நடந்தன. 2022இல் அந்தத் துறை மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து, வாசோபிரசின் குறைபாடு, வாசோபிரசினுக்கு இணங்காமை என்று பிரித்துப் புதுப்பெயர் வைக்கச் சொன்னார்கள்.

அன்றைக்கு டாக்டர் பெரியம்மாவுக்கு ஒரு க்ரீம் எழுதிக் கொடுத்தார், “ஹார்மோன் க்ரீம்மா, வாரத்துக்கு ரெண்டு நாள்” என்றார். பெரியம்மா தலையாட்டிவிட்டு, கையில் மடித்து வைத்திருந்த துண்டுத்தாளை நீட்டிக் கேட்டார்: “அப்ப இந்த வளரூக்கி எந்தக் கடைல கிடைக்கும் டாக்டர்?”