பறக்கும்போது நீளும் விமானம்

1977 டிசம்பரில் சிங்கப்பூரின் பாய லேபார் விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு விமானத்தை இடப்பக்கம் நின்று பார்த்தவர் ‘சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்’ என்றிருப்பார். வலப்பக்கம் நின்றவர் ‘பிரிட்டிஷ் ஏர்வேஸ்’ என்று சத்தியமே செய்திருப்பார். இருவர் சொன்னதும் சரிதான். லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாக வந்த அது, ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டு என்ற பயணிகள் விமானம். அதற்குப் பக்கத்துக்கு ஒரு கம்பெனியின் வண்ணம் அடித்திருந்தார்கள். அதன் பதிவெண் ஜி-பிஓஏடி.

இரண்டு கம்பெனிக்கும் அடிப்படை நிறம் வெள்ளை என்பதால் பிரச்சினை வரவில்லை. கான்கார்டுக்கு இஷ்டப்பட்ட நிறத்தை அடித்துவிட முடியாது. 1996-இல் பெப்சி விளம்பரத்துக்காக ஒரு கான்கார்டின் உடலுக்கு நீலம் அடித்தபோது, மாக் 2 வேகத்தில், அதாவது ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில், 20 நிமிடத்துக்கு மேல் பறக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். வெள்ளைப் பூச்சு அளவுக்கு நீலத்தால் சூட்டைக் கழிக்க முடியாது.

18 கிலோமீட்டர் உயரத்தில், பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரிக்கும் மேல் இறங்கிவிட்ட குளிரில், சூடு எங்கிருந்து வரும்? சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களைக் கேளுங்கள். நாலு அழுத்து அழுத்தினாலே பம்பின் அடி கையைச் சுடும். அழுத்தப்படும் காற்று சூடாகும், அவ்வளவுதான். மணிக்கு 2,150 கிலோமீட்டர் வேகத்தில் போகிற விமானத்துக்கு முன்னால் இருக்கும் காற்றுக்கு விலகி வழிவிட நேரமில்லை. நசுங்குகிறது, சூடாகிறது. மூக்கு நுனியில் 127 டிகிரி செல்சியஸ் வரை போகும். உள்ளே உட்கார்ந்து ஜன்னலைத் தொட்டால் வெதுவெதுப்பு தெரியும். இன்னும் வேகமாகப் பறக்கக் கான்கார்டின் அலுமினியக் கலவை தாங்காது. மாக் 2-ஐ ஒட்டி நிறுத்திக்கொண்டதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

உலோகம் சூடானால் நீளும். 62 மீட்டர் நீள விமானம் முழு வேகத்தில் 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீண்டுவிடும். இந்த நீட்சியை விமானி அறையிலேயே கண்ணால் பார்க்கலாம். விமானப் பொறியாளரின் கருவிப் பலகைக்கும் பக்கத்துத் தடுப்புக்கும் இடையில், தரையில் இல்லாத ஒரு இடுக்கு மேலே போனதும் திறந்துகொள்ளும். கையை நுழைக்கும் அளவுக்கு!

அந்தப் பொறியாளருக்கு வேறு வேலையும் இருந்தது. விமானத்தின் எடையை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது, இறக்கை காற்றிலிருந்து பெறும் தூக்குவிசையின் மையம் இரண்டு மீட்டர் அளவுக்குப் பின்னால் போய்விடும். எடையின் மையம் இருந்த இடத்திலேயே இருந்தால் மூக்கு கீழே கவிழும். காவடித் தண்டைத் தோள் தாங்கும் இடம் மாறினால் ஒரு பக்கம் சாய்வது போலத்தான். மற்ற விமானங்களுக்கு வாலில் சின்ன கிடை இறக்கை இருக்கும், அதை வைத்துச் சமாளிப்பார்கள். கான்கார்டுக்கு அது கிடையாது. இறக்கையின் பின்விளிம்பில் இருந்த மடிப்புகளைத் தூக்கிப் பிடித்தால் காற்று இழுக்கும், எரிபொருள் வீணாகும்.

அதனால் எரிபொருளையே எடைக்கல்லாக்கினார்கள். மொத்தம் 13 தொட்டிகள், 95 டன் கொள்ளளவு. வேகம் ஏற ஏற, முன்னால் இருக்கும் தொட்டிகளிலிருந்து சுமார் 20 டன்னைப் பம்பு வைத்துப் பின்பக்கமும் வால் தொட்டிக்கும் அனுப்புவார்கள். வேகம் குறையும்போது திரும்ப முன்னால். பயணிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, காலடியில் டன் கணக்கில் எரிபொருள் ஊர்ந்து போகும். கேபினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்க அதன் சூட்டை வாங்கிக்கொண்டதும் இதே எரிபொருள்தான். என்னைக் கேட்டால் கான்கார்டின் மிகப் பெரிய கெட்டிக்காரத்தனம் இதுதான். எப்படியும் சுமந்துதான் ஆகவேண்டிய ஒரு பொருளிடம் இத்தனை வேலை வாங்கியிருக்கிறார்கள்.

இன்ஜினுக்கு இன்னொரு தலைவலி. விமானம் மாக் 2-இல் போனாலும் இன்ஜின் விசிறிகளுக்கு அந்த வேகத்தில் காற்று வரக்கூடாது. ஒலியின் வேகத்தில் பாதிக்குக் குறைக்க வேண்டும், அதுவும் சில மீட்டருக்குள். காற்று நுழையும் பெட்டிக்குள் சாய்தளங்கள் ஏறி இறங்கி, காற்று திடீரென்று நசுங்கும் இடங்களான அதிர்ச்சி அலைகளைச் சரியான இடத்தில் நிற்க வைக்கும். அலை ஒன்றைத் தாண்டும்போதெல்லாம் காற்றின் வேகம் குறையும், அழுத்தம் கூடும். கணக்கு தப்பினால் இன்ஜின் பீரங்கி போல வெடிச்சத்தம் போடும். ஒலித்தடையை, அதாவது ஒலியின் வேகத்தைத் தாண்ட, இன்ஜினின் வால்பக்கம் எரிபொருளைத் தெளித்துக் கொளுத்துவார்கள். மாக் 1.7 வந்ததும் அதை அணைத்துவிடலாம், அப்புறம் அது தேவையில்லை.

கீழே இறங்கும்போதுதான் இந்த வேகக்காரருக்குச் சங்கடம். மெல்லிய முக்கோண இறக்கை மெதுவான வேகத்தில் எளிதில் தூக்காது. மூக்கை நன்றாக உயர்த்தினால், இறக்கையின் முன்விளிம்பில் காற்று சுருண்டு மேலே இரண்டு பெரிய சுழல்களாக ஓடும். சுழலுக்குள் அழுத்தம் குறைவு, அதுவே விமானத்தை மேலே இழுத்துப் பிடிக்கும். ஈரமான நாட்களில் இறக்கை மேல் வெண்மேகமாக அந்தச் சுழல் கண்ணுக்கே தெரியும். மூக்கை உயர்த்தினால் விமானிக்கு ஓடுபாதை தெரியாது; சரி, மூக்கையே 12.5 டிகிரி கீழே மடக்கிவிட்டார்கள். கொக்கு மாதிரி என்று நாம் ரசிக்கிற அந்தத் தோற்றம் விமானி எட்டிப்பார்ப்பதற்காக வந்தது.

சிங்கப்பூர்ப் பயணத்தைக் கெடுத்தது, ஒலியைவிட வேகமாகப் போகிற விமானம் எழுப்பும் வெடியோசை. ஒலித்தடையைத் தாண்டும் அந்த நொடியில் மட்டும்தான் அது கேட்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. படகின் பின்னால் விரியும் அலை போல, ஒலியைவிட வேகமாகப் போகிற வரை அது கூடவே வரும். வழியில் இருக்கிற ஒவ்வொரு ஊருக்கும் ‘டும், டும்’ என்று கேட்கும். மலாக்கா நீரிணை மேல் அந்தச் சத்தம் வேண்டாம் என்றது மலேசியா, மூன்றே தடவை போய்வந்த பிறகு சேவை நின்றது. 1979 ஜனவரியில் மறுபடி தொடங்கினார்கள். இந்தியாவும் தன் வான்வெளியில் ஒலியை மிஞ்சிய வேகத்துக்கு இடம் தரவில்லை. மெதுவாகப் போனால் கான்கார்டுக்கு எரிபொருளும் கட்டாது, காசும் கட்டாது. 1980 நவம்பரோடு கதை முடிந்தது.

அட்லாண்டிக் கடலுக்கு மேல் யாரும் தடுக்கவில்லை. அதே ஜி-பிஓஏடி 1996 பிப்ரவரி 7 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 நொடியில் போனது. இப்போது நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றங்கரை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

2000-இல் பாரிஸ் அருகே 113 பேரைப் பலிகொண்ட விபத்துக்குப் பிறகு கான்கார்டுகள் அதிக நாள் ஓடவில்லை, 2003-இல் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். ஓய்வுக்குப் போகும் கடைசிப் பயணத்திலும் ஒலியை மிஞ்சிப் பறந்த விமானங்களில், பொறியாளர்கள் தங்கள் தொப்பியைக் கழற்றி அந்த இடுக்கில் செருகினார்கள். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டுவார்களே, ஆறியதும் அது மரத்தை இறுக்கிக்கொள்ளும். அப்படித்தான் வேகம் குறைந்து உலோகம் ஆறியது, இடுக்கு மூடியது, தொப்பி உள்ளே மாட்டிக்கொண்டது. அதை எடுக்க வேண்டுமென்றால் விமானம் இன்னொரு தடவை மாக் 2-க்குப் போக வேண்டும்.